விளக்கெண்ணெயில் ஓடிய என்ஜின்

முதல் உலகப் போரில் பறந்த சாப்வித் கேமல் விமானத்தின் என்ஜினுக்கு விளக்கெண்ணெய்தான் ஊற்றினார்கள். அது ரோட்டரி என்ஜின். பிஸ்டன்களோடு இணைந்த நடு அச்சான கிராங்க் ஷாஃப்ட் அசையாமல் நிற்க, சிலிண்டர்கள் மொத்தமும் புரொப்பெல்லரோடு சேர்ந்து சுற்றும். பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை அந்த அச்சை மூடியிருக்கும் கிராங்க் கேஸ் வழியாகத்தான் சிலிண்டருக்குப் போகும். அங்கே பெட்ரோலிய ஆயில் இருந்தால் பெட்ரோல் அதைக் கரைத்துக் கழுவிவிடும். விளக்கெண்ணெய் பெட்ரோலில் லேசில் கரையாது, உலோகத்தை விடாமல் பிடித்துக்கொண்டது. வேலை முடிந்த எண்ணெய் புகையோடு தெறித்து விமானியின் முகத்தில் அடிக்கும். சுவாசித்தே வயிறு கலங்கியவர்கள் உண்டு என்பார்கள். காஸ்ட்ரால் என்ற பெயரும் காஸ்டர் ஆயிலிலிருந்து வந்ததுதான். நாம் ஆளைத் திட்ட எடுக்கும் எண்ணெய்க்கு ஒரு காலத்தில் இவ்வளவு மரியாதை!

அப்புறம் ஏன் இன்றைய கார்களில் அது இல்லை? வழுக்கும் திறமையில் தாவர எண்ணெய்க்குக் குறையே கிடையாது. கிளிசரால் என்ற சின்ன முதுகெலும்பில் மூன்று கொழுப்பு அமில வால்கள் தொங்குவதுதான் அதன் மூலக்கூறு. வால்கள் கோத்திருக்கும் இடத்தில் ஆக்சிஜன் அணுக்கள் உண்டு. அந்த முனை உலோகத்தில் ஒட்டிக்கொள்ள, வால்கள் புல்தரை போல வெளியே நீட்டி நிற்கும். பிஸ்டன் மேலே போய்த் திரும்பும் கணத்தில் அதன் வேகம் பூஜ்யமாகி எண்ணெய்ப் படலம் மெலியும்போது, உலோகம் உலோகத்தை உரசாமல் காப்பது இந்தப் புல்தரைதான். கார்பனும் ஹைட்ரஜனுமே ஆன பெட்ரோலிய எண்ணெய்க்கு இந்தப் பிடிப்பு இல்லை. அதற்கென்று தனி ரசாயனங்களைச் சேர்க்கிறார்கள்.

சூடேறினால் நீர்த்துப்போவதும் தாவர எண்ணெயில் குறைவு. இதை அளப்பது பாகுநிலைக் குறியீடு; எண் கூடக் கூட நீர்த்துப்போவது குறைவு. சாதாரண பெட்ரோலிய ஆயிலுக்கு அது 100-ஐ ஒட்டியிருக்கும். சோயா, சூரியகாந்தி எண்ணெய்களுக்கு 200 அளவில். (விளக்கெண்ணெய் மட்டும் இதில் சுமார்தான்.)

சிக்கல் எங்கே என்று பார்க்க, எண்ணெய் பாட்டிலின் வாயைத் தொட்டுப் பாருங்கள். வழிந்து காய்ந்த இடம் கோந்து போலப் பிசுபிசுக்கும். பல கொழுப்பு அமிலங்களின் வாலில் இரட்டைப் பிணைப்புகள் இருக்கின்றன, அதாவது பக்கத்துப் பக்கத்துக் கார்பன்கள் இரண்டு கைகளால் பிடித்துக்கொண்ட இடங்கள். இரண்டு இரட்டைப் பிணைப்புகளுக்கு நடுவே மாட்டிய கார்பனிடம் ஹைட்ரஜன் தளர்வாகத்தான் இருக்கும். அது கழன்றதும் காற்றிலுள்ள ஆக்சிஜன் அந்த இடத்தில் வந்து உட்காரும். அது பக்கத்து மூலக்கூறின் ஹைட்ரஜனைப் பறிக்கும், அங்கேயும் ஆக்சிஜன் உட்காரும். கடைசியில் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு பசையாகிவிடும். பாட்டிலில் வாரக்கணக்கில் நடப்பது, பிஸ்டனைச் சுற்றிப் பள்ளத்தில் உட்காரும் வளையமான, 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும் பிஸ்டன் ரிங் பக்கம் மளமளவென்று நடந்துவிடும். ரிங் அதன் பள்ளத்திலேயே ஒட்டிக்கொள்ளும்.

இரட்டைப் பிணைப்பே இல்லாத எண்ணெயை ஊற்றினால் என்ன? தேங்காய் எண்ணெய் கிட்டத்தட்ட அப்படித்தான். ஆனால் 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும். நேரான வால்கள் அடுக்கி வைத்த விறகு போலச் சேர்ந்துகொள்ளும். இரட்டைப் பிணைப்பு வாலை வளைப்பதால்தான் மற்ற எண்ணெய்கள் திரவமாக இருக்கின்றன. எண்ணெயை ஓடவைப்பதும் கெடுப்பதும் ஒன்றே என்பதுதான் இதில் பெரிய தலைவலி.

நடுவழியாக, ஒரே ஒரு இரட்டைப் பிணைப்பு மட்டும் உள்ள ஒலியிக் அமிலம் 80 சதவீதத்துக்கு மேல் இருக்கும் சூரியகாந்தி ரகங்களை வளர்த்தார்கள். கிளிசராலும் அதிகச் சூட்டில் உடையக்கூடியது. அதை எடுத்துவிட்டு உறுதியான வேறு ஆல்கஹாலில் அமில வால்களைக் கோத்துச் செய்யும் எஸ்டர்கள் இன்று ஜெட் என்ஜின்களில் ஓடுகின்றன.

விளக்கெண்ணெயும் பிசின் பிடிக்கிற ரகம்தான். ஆனால் ரோட்டரி என்ஜினில் ஒருமுறை உள்ளே போனது வெளியே தெறித்துவிடும். கெட்டுப்போக அதற்கு நேரமே இல்லை. கார் என்ஜினிலோ அதே எண்ணெய் ஆயிரக்கணக்கான கிலோமீட்டருக்குச் சுற்றிச் சுற்றி வரவேண்டும். மரம் அறுக்கும் செயின் ரம்பத்துக்கு இன்றும் தாவர எண்ணெய் போடுகிறார்கள். அங்கேயும் அது சிதறி மண்ணில் விழுந்துவிடும், நுண்ணுயிர்கள் தின்றுவிடும். ரம்பத்தைத் துடைக்காமல் சில மாதம் மூலையில் போட்டுவைத்தால் மட்டும், அடுத்த முறை எடுக்கும்போது செயின் நகர மறுக்கும்.