எக்ஸ்ரே எடுத்த உடம்பு கதிர் வீசாது

போன வாரம் ஓர் இளம் தாய் எங்கள் அணு மருத்துவப் பிரிவுக்கு வந்தார். மார்பில் பால் கட்டி, தொட்டாலே வலி, காய்ச்சல் வேறு. மூன்று நாள் முன்பு இருமலுக்காக நெஞ்சு எக்ஸ்ரே எடுத்திருக்கிறார். "உடம்பெல்லாம் கதிரியக்கம் இருக்கும், பிள்ளைக்குப் பால் கொடுக்காதே" என்று வீட்டில் சொன்னதைக் கேட்டு நிறுத்திவிட்டார். கதிரியக்கம் இறங்கிவிட்டதா என்று அளந்து பார்க்கத்தான் எங்களிடம் வந்தாராம். கருவியை முதலில் சுவர் அருகே வைத்தேன், அப்புறம் அவர் மார்பருகே. இரண்டு இடத்திலும் ஒரே அளவுதான். எந்த அறையிலும் இருக்கிற இயற்கை அளவு அது. "இப்போதே கொடுங்கள்" என்றேன். அழுதுவிட்டார்.

இப்படி வருபவர்களில் இவர் முதல் ஆள் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

கதிர்வீச்சு வேறு, கதிரியக்கம் வேறு. கதிர்வீச்சு என்பது வெளியே வரும் ஆற்றல். கதிரியக்கம் என்பது நிலையில்லாத அணுக்கரு தானாகச் சிதைகிற குணம். எக்ஸ்ரே குழாயில் கதிரியக்கப் பொருள் எதுவுமே கிடையாது, மின்சாரம் நின்றால் கதிரும் நின்றது. ஃபிளாஷ் அடித்துப் படம் எடுத்த முகம் அப்புறம் இருட்டில் ஒளிர்கிறதா என்ன?

எக்ஸ்ரே உடம்பில் மோதுவது எலக்ட்ரான்களோடு. அணுவின் குறுக்களவில் அணுக்கரு ஏறக்குறைய லட்சத்தில் ஒரு பங்குதான். அதைக் குலைக்க வேண்டுமானால், பரிசோதனை எக்ஸ்ரேயின் ஆற்றலைப் போலப் பத்து மடங்குக்கும் மேல் தேவை. கரு மாறாமல் கதிரியக்கம் எங்கிருந்து வரும்? எலக்ட்ரானைத் தட்டிவிடுவதும் கெடுதல்தான், அதனால்தான் தேவையில்லாமல் எக்ஸ்ரே எடுக்க வேண்டாம் என்கிறோம். ஆனால் அந்தத் தட்டிவிடுதல் எக்ஸ்ரே எடுக்கும் அந்த நொடியோடு முடிந்துபோகிற விஷயம்.

இதே குழப்பம் எதிர்த்திசையிலும் ஆபத்து. தைராய்டுக்குக் கதிரியக்க அயோடின் மாத்திரை விழுங்கிய ஒருவர், அன்று இரவே மூன்று வயது மகளைப் பக்கத்தில் படுக்க வைத்துக்கொண்டார். "ஸ்கேன் எடுத்தால் ஒன்றும் ஆகாது என்றார்களே" என்றார். ஐயா, அது ஸ்கேன் இல்லை. அங்கே கதிர் வீசுவது இயந்திரம் இல்லை, நீங்கள்தான்!

சி.டி. ஸ்கேனுக்கு ஊசியில் ஏற்றும் மருந்திலும் அயோடின் உண்டு. அது அயோடின்-127: 53 புரோட்டான், 74 நியூட்ரான், நிலையானது. எங்கள் மாத்திரையில் இருப்பது அயோடின்-131. அதே 53 புரோட்டான், ஆனால் நியூட்ரான் 78. எலக்ட்ரான் அமைப்பு ஒன்றுதான் என்பதால் தைராய்டுக்கு இரண்டும் ஒன்றே, வேறுபாடு தெரியாமல் இழுத்துக்கொள்ளும். உள்ளே போன பிறகு ஒரு நியூட்ரான் புரோட்டானாகி, அயோடின் செனானாக மாறுகிறது. அப்போது கிளம்பும் பீட்டா கதிர் சுரப்பிக்குள்ளேயே வேலையை முடித்துவிடும். கூடவே வரும் காமா உடம்பைத் தாண்டி வெளியே வரும், மகள் மேல் படுவது அதுதான்.

அயோடின்-131-இன் அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறைய ஆகும் காலம், 8 நாள் என்றால் 16 நாளில் தீர்ந்துவிடும் என்று கணக்குப் போடாதீர்கள். 8 நாளில் பாதி, 16-இல் கால், 24-இல் அரைக்கால். சிறுநீர் வழியாகவும் வெளியேறுவதால் உடம்பில் இதைவிட வேகமாகவே குறையும். அதற்காக நீங்களே நாளைக் குறைக்க வேண்டாம், நாங்கள் சொல்லும் நாள் வரை பொறுங்கள்.

அதுவரை தனியாகப் படுங்கள். குழந்தைகளும் கர்ப்பிணிகளும் தள்ளியே இருக்கட்டும். ஒரு மீட்டர் இரண்டு மீட்டரானால் அவர்கள் மேல் படுவது கால் பங்காகிவிடும். தண்ணீர் நிறையக் குடியுங்கள், கழிப்பறையில் இரண்டு முறை தண்ணீர் விடுங்கள், எச்சில் பட்ட தம்ளரைப் பகிராதீர்கள்.

பால் கொடுக்கும் தாய்மார்களே, கர்ப்பமாக இருக்கலாமோ என்று சந்தேகம் உள்ளவர்களே, மாத்திரையைக் கையில் வாங்கும் முன் தயவுசெய்து சொல்லிவிடுங்கள். எக்ஸ்ரேக்குப் பால் நிறுத்தத் தேவையே இல்லை. இந்த மாத்திரைக்கோ சில வாரம் முன்பே நிறுத்த வேண்டும், அந்தக் குழந்தைக்கு மறுபடி தொடரவும் கூடாது. விழுங்கிய பிறகு சொன்னால் எங்களால் அதைத் திரும்ப எடுக்க முடியாது.