குறியீடு: எந்த 7.2?

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் எங்கள் பக்கத்து வீட்டு அத்தைக்கு இனிப்புநீர் (நீரிழிவு). போன மாதம் கிளினிக் புத்தகத்தை நீட்டி, "தம்பி, ரெண்டு இடத்துலயும் 7.2-ன்னே இருக்கே, ரெண்டும் ஒன்னுதானா?" என்று கேட்டார். ஒன்று, வெறும் வயிற்றில் எடுத்த குளுக்கோஸ், லிட்டருக்கு 7.2 மில்லிமோல். மற்றது, ஏறக்குறைய மூன்று மாதச் சர்க்கரையின் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி, 7.2 விழுக்காடு. எண் ஒன்று, பொருள் வேறு.

கணினிப் பதிவேட்டில் இந்தக் குழப்பம் வராமல் இருக்க, ஒவ்வொரு பரிசோதனைக்கும் தனி எண் தருகிறார்கள். அதைத்தான் 'கோட்' என்கிறோம். உலகெங்கும் புழங்கும் 'லாயிங்க்' (LOINC) என்ற கோட் தொகுதியை அமெரிக்காவின் இண்டியானாபொலிஸில் உள்ள ரீகன்ஸ்ட்ரீஃப் நிலையம் 1994-இல் தொடங்கியது. எதை அளந்தார்கள், எந்த வகை அளவு, எந்த நேரம், எந்த மாதிரி, எப்படிப்பட்ட விடை, எந்த முறை என்று ஆறு கூறுகளைப் பார்த்து எண் தருகிறது. எச்பிஏ1சிக்கு 4548-4. இரத்தத்தின் நீர்ப்பகுதியில் பார்க்கும் குளுக்கோஸை மில்லிகிராமில் சொன்னால் 2345-7, மில்லிமோலில் சொன்னால் 14749-6. தமிழ்நாட்டு உறவினர் "130" என்பதும் இங்கே நாம் "7.2" என்பதும் ஒரே சர்க்கரைதான் (18-ஆல் பெருக்கிப் பாருங்கள்), ஆனாலும் கோட் எண்கள் தனித்தனி. இந்த எண்களில் சிறுகோட்டுக்கு (-) பின்னால் வரும் இலக்கம், எண்ணைத் தவறாகத் தட்டிவிட்டால் காட்டிக்கொடுக்க.

சரி, சொல்லுக்கு வருவோம். 'கோட்' லத்தீனின் 'கோடெக்ஸ்' வழி வந்தது. முதலில் அடிமரம், அப்புறம் எழுதும் மரப்பலகை, பிறகு சட்டத் தொகுப்பு. மலாயில் 'கோட்' என்றே நிற்கிறது. தமிழில் 'குறியீடு'. குறி + ஈடு; 'இடு' முதல் நீண்டு 'ஈடு' ஆனது, 'கெடு' 'கேடு' ஆவதுபோல. குறியை இடுதல் என்பதே பொருள். 'சங்கேதம்' என்று சிலர் எழுதுவது எனக்கு உடன்பாடில்லை, அதில் மறைப்பு இருக்கிறது. இங்கே நோக்கமே எல்லாருக்கும் விளங்க வைப்பது. 'நோய்க்குறி' ஏற்கெனவே வேறு பொருளில் இருப்பதால், 'பரிசோதனைக் குறியீடு' என்பதே பொருத்தம்.

அத்தை செம்பனைத் தோட்டத்தில் வேலை பார்த்தவர். குலை வெட்டியவரின் எண்ணைக் காம்பில் எழுதி வைப்பார்களே, அதை நினைவூட்டினேன். அந்த எண் குலையின் எடையைச் சொல்லாது, யார் வெட்டியது என்றுதான் சொல்லும். குறியீடும் விடையைச் சொல்லாது, எந்தப் பரிசோதனை என்று சொல்லும். அத்தை பேனாவை வாங்கி, ஒரு 7.2-இன் பக்கத்தில் 'வெறும் வயிறு' என்றும் மற்றதன் பக்கத்தில் 'மூனு மாசம்' என்றும் எழுதிக்கொண்டார்.