மேலே குழாயைப் பெரிதாக்கினால் கீழே தண்ணீர் கூடுமா?

குழாய் மாற்றும் திட்டங்களில் மறுபடியும் அதே தப்புக் கணக்கு. தொட்டியிலிருந்து கிளம்பும் குழாய்களின் அளவைக் கூட்டி, "இவ்வளவு தண்ணீர் வரும்" என்று கோடு போட்டு எழுதியிருக்கிறார்கள். பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர் செய்தால் திருத்திக் கொடுக்கலாம். கொண்டோமினிய அடுக்குமாடியில் குழாய் மாற்றும் திட்டத்திலும் இதே கூட்டல் வந்தால் என்ன சொல்ல?

ஓர் எடுத்துக்காட்டு. ஒவ்வொரு குழாயும் அதிகபட்சம் கொள்ளும் அளவு இது: மேல்தொட்டியிலிருந்து கிழக்குச் சந்திக்கு (குழாய்கள் கூடும் இடம்) நொடிக்கு 10 லிட்டர், மேற்குச் சந்திக்கு 6. கிழக்கிலிருந்து மேற்குக்கு 8. கீழ்த்தொட்டிக்குக் கிழக்கிலிருந்து 5, மேற்கிலிருந்து 10. மேலே கூட்டினால் 16. வருவது 15தான்.

அந்த 15ஐப் பிடிப்பதிலும் தடுக்கி விழுகிறார்கள். கிழக்கு, மேற்கு என்று சுற்றி 8 அனுப்பி, கிழக்கு வழியே நேராக 2, மேற்கு வழியே நேராக 2, ஆக 12 என்று பேனாவை மூடிவிடுகிறார்கள். மூடாதீர்கள்! மேற்குச் சந்திக்கு மேலிருந்து இன்னும் 4 வரலாம். கிழக்கின் கீழ்க்குழாயில் 3 காலி. மேற்குக்கு மேலிருந்து 3 கூடுதலாக விட்டு, குறுக்குக் குழாயின் 8ஐ 5 ஆக்குங்கள். மிச்சமான 3 கிழக்கிலிருந்து நேராக இறங்கும். தண்ணீர் எதிர்த்திசையில் ஓடவில்லை ஐயா, முன்பு எழுதிய எண்ணைத் திருத்துகிறோம், அவ்வளவுதான். ஃபோர்டு, ஃபுல்கர்சன் என்ற இரு கணித அறிஞர்கள் 1956இல் எழுதிய முறை இது. குழாய்கள் அதிகமென்றால் சந்திகள் குறைந்த வழியை முதலில் எடுங்கள், சுற்றுகள் பெருகாது.

முடிந்தபின், காலியிடமுள்ள குழாய் வழியாகவோ, முன்பு எழுதிய எண்ணைக் குறைத்தோ மேல்தொட்டியிலிருந்து இன்னும் எங்கெல்லாம் எட்ட முடிகிறது என்று குறியுங்கள். குறித்த பக்கத்திலிருந்து குறிக்காத பக்கத்துக்குப் போகும் குழாய்கள்தான் முட்டுக்கட்டை. இங்கே கீழே இறங்கும் இரண்டும்: 5, 10. அவற்றைத் தொடாமல் மேலே 10ஐ 20 ஆக்கினாலும் ஒரு சொட்டு கூடாது. 5ஐ 6 ஆக்கினால் 16 வரும். அதற்கப்புறம் மேல்குழாய்கள் மறிக்கும். செலவுக்குக் கையெழுத்துப் போடுமுன் தயவுசெய்து இதைப் பாருங்கள்.

ஒவ்வொரு குழாயின் எண்ணும் ஒழுங்காக இருக்கவேண்டும். உள்விட்டம் 100 மி.மீ., வேகம் நொடிக்கு 2 மீட்டர் என்றால் சுமார் 15.7 லிட்டர். விட்டம் இருமடங்கானால் அதே வேகத்தில் நான்கு மடங்கு, இருமடங்கல்ல. பாதி மூடிய வால்வும் அழுக்கடைத்த வடிகட்டியும் வரைபடத்தில் தெரியாது. நேரில் போய்ப் பாருங்கள்.

இன்னொன்று, 15 என்பது மேல்வரம்பு. நிஜத்தில் தண்ணீர் உராய்வுக்கேற்பத் தானே பிரியும், நம் பங்கீட்டைப் படித்துப் பார்க்காது. அழுத்தக் கணக்கை ஈபிஏநெட் போன்ற மென்பொருளில் தனியாக ஓட்டுங்கள்.