பழைய ரோலெக்ஸை விற்கலாமா என்று கேட்டு வருகிறவர்களுக்கு

2020 ஜனவரியில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் ஒளிபரப்பான ஒரு காட்சி இன்னும் வாட்ஸ்அப்பில் சுற்றிக்கொண்டிருக்கிறது. விமானப்படையில் வேலை பார்த்த ஒருவர் 1974இல் ராணுவக் கடை வழியாக ரோலெக்ஸின் டேடோனா மாடல் வாட்ச் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தார். விலை 345 டாலர் 97 சென்ட், அன்றைக்கு அவருடைய ஒரு மாதச் சம்பளத்தை ஒட்டிய தொகை. கடலில் டைவிங் செய்யும்போது கட்டிக்கொள்ளலாம் என்றுதான் வாங்கினார். கைக்கு வந்ததும் இவ்வளவு அழகான பொருளை உப்புத் தண்ணீரில் இறக்க மனம் வரவில்லை, வங்கிப் பெட்டகத்தில் வைத்துவிட்டார். மதிப்பீட்டாளர் முதலில் நான்கு லட்சம் டாலர் என்கிறார். மனிதர் அப்படியே மல்லாந்து தரையில் விழுகிறார். எழுந்த பிறகு, இந்தப் பொருள் இருக்கும் நிலைக்கு ஐந்து முதல் ஏழு லட்சம் டாலர் போகும் என்று மதிப்பீட்டாளர் சொல்கிறார். அன்றைய டாலர் மதிப்பில், நம் கணக்கில் மூன்றரை முதல் ஐந்து கோடி ரூபாய்.

இந்த வீடியோவைப் பார்த்துவிட்டு என்னிடம் வருகிறவர்கள் ஒரே தினுசு. அப்பா துபாயிலோ மஸ்கட்டிலோ சிங்கப்பூரிலோ இருந்தார், வரும்போது ஒரு வாட்ச் கொண்டுவந்தார், இப்போது என்ன போகும் சார், வித்துடலாமா? நான் ஆடிட்டர். வாட்ச் வாங்கி விற்கிறவன் இல்லை, இதில் எனக்குக் கமிஷனும் கிடையாது. வரியைப் பற்றிக் கேட்க வருகிறார்கள், பேச்சு வேறு எங்கெங்கோ போகிறது. அதனால் கடைக்காரர்களிடமும் சேகரிப்பாளர்களிடமும் கேட்டுக் கேட்டு நானும் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டியதாயிற்று.

அந்த அமெரிக்கர் விழுந்ததைத்தான் எல்லோரும் பார்க்கிறார்கள். அதற்கு முன் மேசைமேல் என்னென்ன இருந்தன என்பதைப் பார்ப்பதில்லை. வாங்கிய ரசீது, வாரன்டி தாள், பெட்டிகள், கேஸின் (வாட்சின் வெளிக்கூட்டின்) பின்மூடியில் கம்பெனி ஒட்டிய ஸ்டிக்கர் வரை அப்படியே இருந்தன. அதற்கு மேல், அந்த டயல் ‘பால் நியூமன்’ என்று சேகரிப்பாளர்கள் அழைக்கும் வகை. எழுபதுகளில் அந்த டயல் வைத்த டேடோனாவை யாரும் சீண்டவில்லை, கடைகளில் தேங்கிக் கிடந்தது. விற்காததால்தான் குறைவாக இருக்கிறது, குறைவாக இருப்பதால்தான் இன்று அந்த விலை. அதே மாடலில் பிற்காலத்தில் டயல் மாற்றிய, பாலிஷ் போட்ட, பேப்பர் இல்லாத ஒன்றைக் கொண்டுபோனால் அந்தத் தொகையில் ஒரு சிறு பங்குதான் கிடைக்கும்.

ஆகவே விற்பதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் வரை வாட்சுக்கு எதுவும் செய்யாதீர்கள். இதை நான் எத்தனை அழுத்திச் சொன்னாலும் போதாது. பெண் பார்க்க வருகிறார்கள் என்று வெண்கலக் குத்துவிளக்கைப் புளி போட்டுத் தேய்ப்பதுபோல, விற்கும் முன் ‘கொஞ்சம் பளபளவென்று ஆக்கிவிடலாம்’ என்று தெருமுனைக் கடையில் கொடுத்துவிடுகிறார்கள். பாலிஷ் என்றால் உலோகத்தைச் சுரண்டி எடுப்பது. கேஸின் கூர்மையான விளிம்புகள் மழுங்கிவிட்டால் அவை திரும்ப வராது. டயல் இன்னும் மோசம். மங்கிப்போன டயலைச் சுத்தமாக அழித்துப் புதிதாக அச்சடித்துத் தருவது நம் நாட்டில் நெடுங்காலமாக நடக்கிறது. மும்பை ரீடயல் என்றாலே வெளிநாட்டு வியாபாரிகள் கையை எடுத்துவிடுவார்கள். கம்பெனி சர்வீஸ் சென்டர் என்றாலும் கவனம் வேண்டும். அவர்களுக்கு வாட்ச் சரியாக ஓட வேண்டும், தண்ணீர் புகக் கூடாது, அவ்வளவுதான். இருட்டில் ஒளிர்வதற்காகப் பூசிய ட்ரிட்டியம் பழுத்து மஞ்சளாகிவிட்ட முள்ளையும் டயலையும் எடுத்துவிட்டுப் புதியதைப் போடுவது அவர்கள் வழக்கம். சேகரிப்பாளர் பணம் கொடுப்பது அந்தப் பழுப்புக்குத்தான். சர்வீஸ் செய்தே ஆக வேண்டும் என்றால் பாலிஷ் வேண்டாம், பழைய பாகங்களைத் திருப்பித் தர வேண்டும் என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

வளைகுடா போய் வந்த குடும்பங்களுக்குத் தனியாக ஒன்று. டயலில் ஓமன் அரசின் கஞ்சர் கத்திச் சின்னமோ வேறு வளைகுடா அரசு முத்திரையோ இருந்தால் அது கடையில் வாங்கியதாக இருக்காது. அரசரோ அரசுத் துறையோ அன்பளிப்பாகக் கொடுக்கவென்று தனியாகச் செய்வித்தவை அவை. ‘யாரோ எம்ப்ளம் போட்டுக் கொடுத்தது, கட்டினால் ஒரு மாதிரி இருக்கு’ என்று அதைச் சாதா டயலாக மாற்றியவர்கள் உண்டு. ஏலத்தில் அதே மாடலின் சாதா டயலைவிட முத்திரை உள்ளது சில சமயம் பல மடங்கு போகிறது. யார் கொடுத்தார், எப்போது, எந்த வேலையில் இருந்தபோது என்று அப்பா உயிருடன் இருக்கும்போதே எழுதி வாங்குங்கள். பழைய பாஸ்போர்ட், வேலை ஒப்பந்தம், வாட்சைக் கட்டிக்கொண்டு எடுத்த புகைப்படம் எல்லாம் காசு.

அசலா என்பதை ஒருவர் வார்த்தையை நம்பி முடிவு செய்யாதீர்கள். 2021 நவம்பரில் ஜெனீவாவில் ஒமேகா கம்பெனியின் ஸ்பீட்மாஸ்டர் வாட்ச் ஒன்று முப்பத்தோரு லட்சம் சுவிஸ் ஃபிராங்குக்கு மேல் ஏலம் போனது. வாங்கியது ஒமேகாவே, தன் அருங்காட்சியகத்துக்காக. 2023இல் அது பல வாட்சுகளின் பாகங்களைச் சேர்த்துக் கோத்த ஒட்டு வாட்ச் என்று தெரிந்தது. தங்கள் முன்னாள் ஊழியர்களுக்கே அதில் பங்கிருந்தது என்று கம்பெனி சொன்னது. தயாரித்தவரையே ஏமாற்ற முடிகிற சந்தை இது.

சரி, அசல்தான், நிலையும் நன்றாக இருக்கிறது. அடுத்து விலை. செய்தியில் வரும் எண்ணை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. நடிகர் பால் நியூமன் கட்டியிருந்த டேடோனாவே 2017 அக்டோபரில் நியூயார்க்கில் 1,77,52,500 டாலருக்குப் போனது என்று படித்திருப்பீர்கள். சுத்தியல் விழுந்தது 1 கோடியே 55 லட்சம் டாலரில். மீதி, வாங்கியவர் ஏல நிறுவனத்துக்குக் கொடுத்த கட்டணம். அவ்வளவு பெரிய தொகைக்கே அப்படி. சாதாரண அளவில் அந்தக் கட்டணம் சுத்தியல் விலையில் ஏறக்குறைய கால்பங்கு. விற்கிறவரின் கமிஷன், காப்பீடு, அனுப்பும் செலவு இவற்றைத் தனியாகக் கழிக்க வேண்டும். இணையத்தில் ஒருவர் 20 லட்சம் என்று போட்டிருந்தால் அது அவர் கேட்கிற விலை, யாரும் கொடுத்த விலை இல்லை. ஊரில் ஒரு வியாபாரி அதில் கணிசமாகக் குறைத்துத்தான் கேட்பார். அவர் முதல் போட்டு, ஆள் கிடைக்கும் வரை வைத்திருக்க வேண்டுமே. இரண்டு மூன்று பேரிடம் எழுத்தில் விலை வாங்குங்கள். வாட்சை மட்டும் ‘பார்த்துவிட்டுத் தருகிறேன்’ என்பவரிடம் விட்டுவிட்டு வராதீர்கள்.

வெளிநாட்டு ஏலத்துக்கு அனுப்புவதென்றால் சுங்கக் காகிதங்களோடு முறையாக அனுப்ப வேண்டும். கையில் கட்டிக்கொண்டு போய்க் காட்டிவிட்டு வரலாம் என்று நினைப்பவர்கள் புறப்படும்போதே விமான நிலையச் சுங்கத்தில் ஏற்றுமதிச் சான்றிதழ் வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால், விலை படியாமல் திரும்பி வரும்போது சொந்த வாட்சுக்கே வரி கேட்பார்கள்.

ரொக்கமாகத் தருகிறேன், பில் வேண்டாம் என்று ஒருவர் கட்டாயம் வருவார். ஒரே விற்பனையில் இரண்டு லட்சம் ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால், வாங்கிய தொகை முழுவதையும் அபராதமாகக் கட்டச் சொல்ல வருமான வரிச் சட்டத்தில் இடமிருக்கிறது. அபராதம், ரொக்கம் கொடுத்தவருக்கு இல்லை, அதை வாங்கிய உங்களுக்கு.

இனி என் பாடம். கட்டுகிற வாட்சை விற்றால் வரி உண்டா? சொந்த உபயோகத்துக்கு வைத்திருக்கும் அசையும் பொருள் மூலதனச் சொத்து ஆகாது என்பது சட்டம். ஸ்டீல் கேஸ், தோல் ஸ்ட்ராப், அப்பாவும் நீங்களும் கட்டி வந்த வாட்ச் என்றால் எவ்வளவு லாபம் வந்தாலும் மூலதன ஆதாய வரி இல்லை என்று வாதிட நல்ல இடமிருக்கிறது. ஆனால் அந்த விலக்கு நகைக்குக் கிடையாது. நகை என்பதற்குச் சட்டம் தரும் விளக்கம் அகலமானது. தங்கம், வெள்ளி, பிளாட்டினத்தாலான அணிகலன்களோடு, எந்தப் பொருளில் பதித்த விலையுயர்ந்த கல்லும் அதில் அடங்கும். ரோலெக்ஸின் தங்க டே-டேட் மாடலையும் வைரம் பதித்த டயலையும் அதிகாரி நகைப் பட்டியலில் சேர்த்தால் எனக்கு ஆச்சரியமில்லை.

இன்னொரு முடிச்சும் உண்டு. பெட்டகத்தை விட்டு வெளியே வராத பொருள் ‘சொந்த உபயோகம்’ ஆகுமா? 1976இல் ஒரு ராஜ குடும்பத்து வழக்கில், பூஜைக்கு வைத்திருந்த தங்கக் காசுகளும் வெள்ளிக் கட்டிகளும் தனிப்பட்ட உபயோகப் பொருள் இல்லை என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பொருளுக்கும் ஆளுக்கும் நெருங்கிய தொடர்பு இருக்க வேண்டும், எப்போதோ ஒருநாள் எடுத்து வைப்பது போதாது என்பது அதன் சாரம். அந்த அமெரிக்கரைப்போல ஸ்டிக்கர்கூடப் பிரிக்காமல் வைத்திருந்தால் சேகரிப்பாளர் மகிழ்வார், வரி அதிகாரியும் மகிழ்வார்.

வரி உண்டு என்றே வைத்துக்கொண்டாலும் பயந்து ஓட வேண்டியதில்லை. இரண்டு வருடத்துக்கு மேல் வைத்திருந்தால் நீண்டகால ஆதாயம். 2024 ஜூலை 23 முதல் 12.5 சதவீதம், அதன்மேல் செஸ், வருமானம் அதிகமென்றால் சர்சார்ஜ். அப்பா வழி வந்தது என்றால் அவர் வாங்கிய தேதியும் விலையும் உங்களுடையதாகும். அவர் 2001 ஏப்ரல் 1க்கு முன் வாங்கியிருந்தால், அந்த ஏப்ரல் 1 அன்று இருந்த சந்தை மதிப்பையே வாங்கிய விலையாக எடுத்துக்கொள்ளலாம். அதற்கு ஒரு மதிப்பீட்டு அறிக்கை கையில் இருக்கட்டும். வரி இல்லை என்று வாதிடுவதா, வரி கட்டுவதா என்பதை விற்ற பிறகு, கணக்குத் தாக்கல் செய்யும் ஜூலை மாதம் கேட்காமல், விற்கும் முன்பு கேளுங்கள். வருமான வரித் துறை இந்தச் சந்தையைக் கவனிக்கவில்லை என்றும் நினைக்காதீர்கள். 2025 ஏப்ரல் 22 முதல் 10 லட்சத்துக்கு மேற்பட்ட கைக்கடிகாரத்தை வியாபாரியிடம் வாங்கினாலே 1 சதவீதம் வரி பிடித்து, வாங்கியவர் பான் எண்ணில் பதிகிறார்கள்.

‘இன்னும் ஏறுமா சார்?’ இதுதான் எல்லோருக்கும் முக்கியமான கேள்வி, எனக்கு இதில் ஆர்வம் குறைவு. படேக் ஃபிலிப் நாட்டிலஸ் 5711 ஸ்டீல் மாடலை நிறுத்துகிறோம் என்று 2021 தொடக்கத்தில் கம்பெனி சொன்னது. கடை விலை சுமார் 35,000 டாலர். வெளிச்சந்தையில் ஒன்றரை லட்சத்தைத் தாண்டி ஓடியது. 2022 தொடக்கத்தில் உச்சம், அப்புறம் கிரிப்டோ சரிந்த அதே சமயத்தில் இதுவும் சரிந்தது. உச்சத்தில் வாங்கியவர்கள் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள். பங்குக்கு ஈவுத்தொகை உண்டு, வீட்டுக்கு வாடகை உண்டு. வாட்சுக்கு இன்னொருவர் ஆசை ஒன்றுதான் வருமானம்.

பொருளாதார நிபுணர் ரிச்சர்ட் தேலர் ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். 1950களின் கடைசியில் புட்டி 5 டாலருக்கு வாங்கிய ஒயினைச் சில வருடம் கழித்து 100 டாலருக்குக் கேட்டார்கள், கொடுக்க மறுத்துவிட்டார். ஆனால் வாழ்நாளில் ஒரு புட்டிக்கு 35 டாலருக்கு மேல் அவர் கொடுத்ததில்லை. கையில் இருக்கிறது என்பதாலேயே பொருள் ஒசத்தியாகிவிடுகிறது. ஆகவே நான் கேட்பது: வரி, கமிஷன் எல்லாம் போக உங்களுக்கு 18 லட்சம் கிடைக்கும் என்றால், இன்று வேறு யாரோ வைத்திருக்கும் இதே வாட்சை 18 லட்சம் கொடுத்து வாங்குவீர்களா? பெரும்பாலோர் சிரித்துவிடுகிறார்கள். சிரித்தவர் விற்கலாம். வட்டிக்கு வாங்கிய கடனைக் கட்டிக்கொண்டு, லாக்கரில் கோடிக்கணக்கில் வாட்ச் வைத்திருப்பவரைப் பார்த்தால் எனக்கு எரிச்சல் வருவது உண்மை.

சிரிக்காதவர்களும் உண்டு. அப்பாவின் வியர்வை பட்ட ஸ்ட்ராப்பைக்கூட மாற்றாமல் வைத்திருந்த ஒரு பெண்மணி, ‘வாங்க மாட்டேன் சார், ஆனா இதைக் கொடுக்கவும் மாட்டேன்’ என்றார். அவருக்கு வேறு கடன் இல்லை, பிள்ளைகள் படிப்புக்கும் பணம் ஒதுக்கியாகிவிட்டது. அப்படியானால் வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் எவ்வளவு சேர்த்திருக்கிறோம் என்று மனக்கணக்குப் போடும்போது அதைச் சேர்க்காதீர்கள், ஓய்வுக்காலத்துக்கு அதை நம்பாதீர்கள் என்றேன். எப்போதாவது கட்டுங்கள் என்றும் சொன்னேன். சொன்னபடியே செய்கிறார்.

வைத்துக்கொள்வது என்று முடிவானால் லாக்கரில் போட்டுவிட்டு நிம்மதியாக இருந்துவிட முடியாது. ரிசர்வ் வங்கி விதிப்படி, லாக்கரில் தீ, திருட்டு, ஊழியர் மோசடி போன்றவற்றால் இழப்பு வந்தால் வங்கியின் பொறுப்பு ஆண்டு வாடகையைப்போல நூறு மடங்கு. 4,000 ரூபாய் வாடகை என்றால் 4 லட்சம், உள்ளே இருப்பது 40 லட்சம் வாட்சாக இருந்தாலும். வெள்ளம், நிலநடுக்கம் போன்ற இயற்கைச் சீற்றத்துக்கு அதுவும் இல்லை. 2015 டிசம்பரைப் பார்த்த சென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வாட்சைப் பெயர் சொல்லிச் சேர்த்த காப்பீடு வேண்டும், அதற்கு மதிப்பீட்டுச் சான்று வேண்டும், சில வருடத்துக்கு ஒருமுறை அதைப் புதுப்பிக்க வேண்டும். உயிலிலும் மாடல் எண், சீரியல் எண் போட்டு யாருக்கு என்று எழுதுங்கள். இரண்டு பிள்ளைகள் இருந்து ஒரு வாட்ச் மட்டும் இருந்தால், மற்றவருக்கு ஈடாக என்ன என்பதையும் அதே பத்தியில் எழுதிவிடுங்கள். ‘என் கைக்கடிகாரங்கள்’ என்று பொதுவாக எழுதிய ஓர் உயிலோடு அண்ணனும் தம்பியும் தனித்தனி வக்கீல்களுடன் என் அலுவலகத்துக்கு வந்தார்கள். வாட்ச் இன்னும் லாக்கரில்தான் இருக்கிறது, இருவர் கையெழுத்தும் இல்லாமல் திறக்க முடியாது.