சட்டமூலத்துக்கு எதிராக மனுப் போட இருக்கும் ஒரு கிழமை

எங்கள் இலங்கைப் பாராளுமன்றத்துக்கு ஒரு சபைதான். இந்தியாவில் மக்களவை நிறைவேற்றியதை மாநிலங்களவை திரும்பவும் அலசும். இங்கே அந்த வழி இல்லை. ஒரு காலத்தில் இருந்தது. சுதந்திர காலத்துச் சோல்பரி அரசியலமைப்பின் கீழ் 30 பேர் கொண்ட செனற் சபை இயங்கியது. 15 பேரைப் பிரதிநிதிகள் சபை தெரிவு செய்தது, 15 பேரை முடியின் பிரதிநிதியான மகாதேசாதிபதி நியமித்தார். 1971 இல் அது ஒழிக்கப்பட்டது. அது இருந்திருந்தால் எல்லாம் தடுக்கப்பட்டிருக்கும் என்று நினைக்க வேண்டாம். நிதிச் சட்டமூலத்தை அதனால் ஒரு மாதத்துக்கு மேல் பிடித்து வைக்க முடியாது. 1956 இன் தனிச் சிங்களச் சட்டமும் அந்தச் சபையைத் தாண்டித்தான் வந்தது.

இன்று அந்த இடத்தில் மக்கள் கையில் இருப்பது அரசியலமைப்பின் 121 ஆம் உறுப்புரை. எந்தப் பிரஜையும் ஒரு சட்டமூலத்தை, அதாவது இன்னும் நிறைவேறாத சட்ட வரைவை, உயர் நீதிமன்றத்தில் கேள்விக்கு உட்படுத்தலாம். ஆனால் சட்டமூலம் பாராளுமன்றத்தின் நிகழ்ச்சி நிரலான ஒழுங்குப் பத்திரத்தில் இடப்பட்டு ஒரு கிழமைக்குள் மனு போய்ச் சேர வேண்டும். தவறவிட்டால் பிறகு வழியில்லை. நிறைவேறிய சட்டமூலத்தில் சபாநாயகர் சான்றுரை எழுதிய பின், அந்தச் சட்டம் செல்லுமா என்று எந்த நீதிமன்றமும் விசாரிக்க முடியாது என்று அரசியலமைப்பின் 80(3) ஆம் உறுப்புரை சொல்கிறது. சட்டம் வந்த பிறகு வழக்குப் போடலாம் என்று காத்திருப்பவர்கள் இங்கேதான் மாட்டிக்கொள்கிறார்கள்.

நாள் கணக்கிலும் பிழை விடுகிறார்கள். சட்டமூலம் முதலில் வெளியாகும் அரச வர்த்தமானியின் முகப்பில் அச்சாகியிருப்பது பிரசுரமான திகதி. கிழமை தொடங்குவது அன்றல்ல, ஒழுங்குப் பத்திரத்தில் ஏறும் நாளில். அந்தப் பத்திரம் பாராளுமன்ற இணையத்தளத்தில் வரும். பத்திரிகைச் செய்தியை நம்பி நாளை எண்ணாதீர்கள். உயர் நீதிமன்றம் இருப்பது கொழும்பில். கல்முனையிலோ வாழைச்சேனையிலோ இருப்பவர் சட்டத்தரணியைத் தேடி, ஆவணங்களைச் சேர்த்து, அங்கே போய்ச் சேரவே இரண்டு மூன்று நாள் கரைந்துவிடும். அதனால் வர்த்தமானியில் வந்த உடனேயே வாசித்து மனுவைத் தயாரிக்கத் தொடங்குங்கள்.

மனுவில் "இது மக்களுக்கு எதிரானது" என்று எழுதினால் போதாது. சட்டமூலத்தின் எந்த வாசகம் (பிரிவு), அரசியலமைப்பின் எந்த உறுப்புரைக்கு எப்படி முரண் என்று ஒவ்வொன்றாகக் காட்ட வேண்டும். சிங்கள மூலத்தோடும் ஒப்பிட்டுப் பாருங்கள். மனுவின் பிரதியை அதே நேரத்தில் சபாநாயகருக்கும் கையளிக்க வேண்டும். இது சிறிய விடயமல்ல, மனுவே இதில் தடுக்கி விழலாம். மனுப் போன பிறகு நீதிமன்றத்தின் தீர்மானம் வரும்வரை, அல்லது மூன்று கிழமை முடியும்வரை, எது முந்துகிறதோ அதுவரை பாராளுமன்றம் அந்தச் சட்டமூலத்தில் கை வைக்க முடியாது.

காணி, விவசாயம் போன்று மாகாண சபைக்குரிய விடயமென்றால் 154எ உறுப்புரையையும் பாருங்கள். அப்படியான சட்டமூலத்தை ஒவ்வொரு மாகாண சபையின் கருத்துக்கும் அனுப்பியாக வேண்டும். 2012 இல் வறுமை ஒழிப்புக்கென்று கொண்டுவந்த திவிநெகும சட்டமூலம் இந்தக் காரணத்தால்தான் மாகாண சபைகளுக்குப் போனது. கிழக்கு மாகாண சபையின் காலம் 2017 இல் முடிந்து அதற்குப் பின் தேர்தல் நடக்காததால், எங்கள் பக்கத்தில் இந்தப் பாதுகாப்பு மெலிந்து கிடக்கிறது.

சட்டமூலம் அரசியலமைப்புக்கு முரண் என்று நீதிமன்றம் கண்டால், அதை நிறைவேற்றப் பாராளுமன்றத்தின் 225 பேரில் 150 பேரின் வாக்கு தேவைப்படும். சிலவற்றுக்கு அதோடு சர்வஜன வாக்கெடுப்பும் வேண்டும். ஆனால் பாராளுமன்றம் வாசகம் வாசகமாக ஆராயும் குழுநிலையில் புதிதாகச் செருகப்படும் திருத்தங்களுக்கு எதிராக மனுப் போட வழியில்லை. அந்தக் கட்டத்தில் மட்டக்களப்பின் 5, திகாமடுல்லையின் (அம்பாறை) 7 பாராளுமன்ற உறுப்பினர்கள்தான் வழி. குழுநிலைக்கு முந்திய விவாதமான இரண்டாம் வாசிப்புக்கு முன்பே, வாசக இலக்கத்தையும் உங்கள் திருத்தத்தையும் எழுத்தில் அவர்களிடம் கொடுங்கள்.