மூஞ்சூறு ஏன் ஓயாமல் தின்கிறது?

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிப் பக்கம் பழைய வீடுகளில் இரவு விளக்கை அணைத்ததும் பூச்சி வேட்டைக்கு இரண்டு பேர் கிளம்புவார்கள். சுவரில் பல்லி, தரையோரம் கீச்சுக் கீச்சென்று மூஞ்சூறு. பிள்ளையார் வாகனம்தான், ஆனாலும் நாற்றம் தாங்காமல் விரட்டுவோம். பார்க்க எலி மாதிரி இருந்தாலும் எலிக்கு அது நெருங்கிய சொந்தம் இல்லை. பூச்சி தின்னும் பாலூட்டி.

இருவருக்கும் இரை ஒன்றுதான். ஆனால் பல்லி நாலு நாள் பட்டினி கிடந்தாலும் சமாளித்துவிடும். மூஞ்சூறால் ஒரு நாள் தாங்குவதே கஷ்டம். காரணம், சூடு. பல்லி தன் உடல்சூட்டைச் சுவரிடமும் காற்றிடமும் வாங்கிக்கொள்கிறது. மூஞ்சூறு உள்ளேயே தயாரிக்கிறது. அதே எடையுள்ள ஊர்வனவோடு ஒப்பிட்டால், பாலூட்டியின் உடம்பு சும்மா இருக்கும்போதே ஏறக்குறைய ஐந்து முதல் பத்து மடங்கு ஆற்றலைச் செலவழிக்கிறது. அதிலும் சின்ன உடம்பு என்றால் எடைக்குத் தோல்பரப்பு அதிகம், சூடு வேகமாக வெளியேறிவிடும்.

பள்ளிப் பாடத்தில் பாலூட்டியின் அடையாளங்களைத் தனித்தனியாக மனப்பாடம் செய்தோமே, அவற்றில் பெரும்பாலானவை இந்தச் சூட்டுச் செலவோடு சம்பந்தப்பட்டவை. ரோமம் சூட்டைக் காக்கிறது. சூடு தயாரிக்க ஆக்சிஜன் நிறைய வேண்டும், அதற்காக நெஞ்சுக்குக் கீழே இருக்கும் உதரவிதானத் தசை மூச்சை ஆழமாக இழுக்கிறது. சிவப்பணுக்கள் உட்கருவையே துறந்து, ஆக்சிஜனைச் சுமக்கும் ஹீமோகுளோபினுக்கு இடம் விடுகின்றன.

பால்? அங்கேதான் விஷயம் சுவாரசியமாகிறது. பல்லிக் குஞ்சு முட்டையை விட்டு வந்ததும் தானே இரை பிடிக்க வேண்டும். பல்லோடுதான் பிறக்கும், வாழ்நாள் முழுக்கப் பல் விழுந்து முளைத்தபடி இருக்கும். அப்படி இருந்தால் மேல்பல்லும் கீழ்ப்பல்லும் கச்சிதமாகப் பொருந்தாது. பாலூட்டிக் குட்டிக்குச் சாப்பாடு தாயிடமிருந்து வந்துவிடுவதால் பல் அவசரமாக முளைக்கத் தேவையில்லை. தாடை ஓரளவு வளர்ந்த பிறகு வந்தால் போதும், பெரும்பாலும் இரண்டு செட்டே ஆயுளுக்கும் காணும். மூஞ்சூறு இனத்தில் பால்பற்கள் பிறப்பதற்கு முன்பே மறைந்துவிடுகின்றன, ஒரே செட்தான்! கடைவாய்ப் பற்கள் ஒன்றோடொன்று உரசி இரையை நொறுக்குவதால் செரிமானம் சீக்கிரம் நடக்கிறது, சூட்டுக்கு எரிபொருளும் சீக்கிரம் கிடைக்கிறது. பறவைக்கும் சூடான உடம்புதான். ஆனால் அது மெல்லுவதில்லை, அரைக்கும் வேலையை இரைப்பைக்குக் கொடுத்துவிட்டது.

காம்புகூடக் கட்டாயமில்லை. ஆஸ்திரேலியாவின் பிளாட்டிபஸ் முட்டையிடும் பாலூட்டி. அதன் வயிற்றுத் தோலில் கசியும் பாலைக் குட்டி நக்கிக் குடிக்கும்.

எலும்புக்கூடு மட்டும் கிடைத்தால் பாலையும் ரோமத்தையும் எங்கே தேடுவது? புதைபடிவ ஆய்வாளர்கள் தாடையைத்தான் பார்ப்பார்கள். பல்லியின் கீழ்த்தாடை பல எலும்புகளால் ஆனது. பாலூட்டிக்குப் பக்கத்துக்கு ஒரே எலும்பு. மிச்ச எலும்புகள் எங்கே போயின? அவற்றில் சில காதுக்குப் போய்விட்டன. பல்லியின் தாடை மூட்டில் இருக்கும் இரண்டு எலும்புகள்தான் நம் நடுச்செவியில் சுத்தி எலும்பாகவும் பட்டடை எலும்பாகவும் இருக்கின்றன. மூன்றாவதான அங்கவடி எலும்பு முன்பே காதில் இருந்தது. 1837-இலேயே ஜெர்மானிய உடற்கூறியலாளர் கார்ல் ரைகெர்ட் கருக்களை ஆராய்ந்து இதைச் சொல்லிவிட்டார். தாயின் பையில் வளரும் ஒப்போசம் குட்டியிடம் இன்றும் இதைப் பார்க்கலாம்: பிறக்கும்போது அந்த எலும்புகள் தாடையோடு ஒட்டியிருக்கும், வளர வளரப் பிரிந்து காதோடு சேரும். மூன்று எலும்புகள் கடத்தும் ஒலியில் மிகக் கூர்மையான சத்தமும் அடக்கம். இருட்டில், அவ்வளவாகப் பார்வையில்லாத மூஞ்சூறுக்கு அந்தக் காதும் மூக்கும்தான் துணை.