ஒட்டு தெரியாத ஒட்டு

சமையலறை மேடைக்கான 'சாலிட் சர்ஃபேஸ்' பலகையில் வெட்டிக் கழித்த துண்டுகளைக் கடைசல் வேலை செய்பவர்கள் ஆசையோடு சேர்த்து வைப்பதுண்டு. மரத்தில் இருப்பதைப் போன்ற இழை ஓட்டம் அதில் இல்லை. ஈரத்தில் உப்புவதும் இல்லை. ஆனால் பலகையின் வழக்கமான கனம் 12 மி.மீ. மட்டுமே என்பதால், ஒரு கிண்ணம் கடைய வேண்டுமானால் பல துண்டுகளை அடுக்கி ஒட்டித்தான் தீர வேண்டும். சுழலும் லேத்தில் உளி முதலில் சோதிப்பது அந்த ஒட்டைத்தான்.

1967-இல் டூபான்ட் நிறுவனம் உருவாக்கிய கோரியன்தான் இவ்வகைப் பலகைகளுக்கு முன்னோடி. அதில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அக்ரிலிக் என்னும் பிளாஸ்டிக். எஞ்சியது பாக்சைட் தாதுவிலிருந்து பெறப்படும் அலுமினா ட்ரைஹைட்ரேட் என்னும் வெண்தூள். கடினத்தன்மையைக் குறிக்கும் மோஸ் அளவுகோலில் இத்தூளின் மதிப்பு சுமார் 3 என்பதால் எஃகு உளிக்கு அது எளிதில் இணங்குகிறது. அதே அளவுகோலில் 7-இல் இருக்கும் குவார்ட்ஸைக் கொண்டு செய்த மேடைப்பலகை பார்வைக்கு இதைப் போலவே தோன்றினாலும், கடைசலுக்கு உதவாது.

இப்பலகைக்கென விற்கப்படும் பசை இரண்டு பகுதிகளாக வருகிறது. பெரும்பாலும் 10-க்கு 1 என்ற அளவில் கலக்கிறார்கள். பெரிய பகுதியில் இருப்பது மெத்தில் மெத்தாக்ரிலேட் என்ற நீர்மம், அதாவது அக்ரிலிக் சங்கிலியின் தனித்தனிக் கண்ணிகள். சிறிய பகுதியில் பென்சாயில் பெராக்சைடு உள்ளது. இரண்டும் கலந்ததும், பசையில் முன்பே சேர்த்திருக்கும் அமீன் வகைச் சேர்மம் பெராக்சைடை அறை வெப்பத்திலேயே உடைக்க, அதிலிருந்து பிறக்கும் தனியுறுப்புகள் (எளிதில் வினைபுரியும் துணுக்குகள்) கண்ணிகளை ஒன்றோடொன்று கோக்கத் தொடங்குகின்றன. அதற்கு முந்தைய சில நிமிடங்களில்தான் உண்மையான வேலை நடக்கிறது. நீர்மமாக இருக்கும் மெத்தாக்ரிலேட், தேய்த்துச் சொரசொரப்பாக்கிய பரப்பில் உள்ள அக்ரிலிக்கைச் சற்றே ஊற வைத்து அதன் சங்கிலிகளுக்கு இடையில் நுழைந்துவிடுகிறது. புதிய சங்கிலிகள் பழையவற்றோடு பின்னிக்கொண்டே வளர்கின்றன. இரண்டு பலகைகளுக்கு நடுவே அந்நியப் பொருளாகப் பசை நிற்காமல், பலகையின் அக்ரிலிக்கே தொடர்வதுபோல் ஆகிவிடுவதால், நிறம் பொருந்திய பசையில் கோடு ஏறக்குறைய மறைந்துபோகிறது.

ஒரு சிக்கல் உண்டு. தூய மெத்தில் மெத்தாக்ரிலேட் கெட்டியாகும்போது அதன் பருமன் சுமார் 21 விழுக்காடு சுருங்குகிறது. பசையில் முன்கூட்டியே அக்ரிலிக்கைக் கரைத்து வைப்பதால் இச்சுருக்கம் குறையுமே தவிர, முற்றிலும் நீங்காது. ஆகவே இடைவெளியைப் பசையால் நிரப்பிவிடலாம் என்ற நினைப்பு ஆபத்தானது. உள்ளே உருவாகும் சிறு குழிகள் கடையும்போது வெளிப்பட்டுவிடும். இரண்டு முகங்களையும் சேர்த்து வைத்து வெளிச்சத்தில் பார்த்து, நடுவே ஒளிக்கீற்று தெரியாத அளவுக்குச் சமன் செய்ய வேண்டும். 120 அல்லது 150 எண் உப்புத்தாளால் தேய்த்து, ஆல்கஹால் நனைத்த வெள்ளைத் துணியால் துடைப்பது நல்லது. சாயத்துணியின் நிறம்கூடச் சில வேளைகளில் ஒட்டுக்கோட்டில் தங்கிவிடும். துண்டுகளை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்பை முறுக்கிப் பிழிவதும் தவறு. விளிம்பு நெடுகச் சிறு மணிகளாகப் பசை பிதுங்கினால் அழுத்தம் போதும்.

அந்த மணிகளை ஈரத்திலேயே வழித்துவிடக் கை பரபரக்கும். வழித்தால் சுருக்கத்தின் விளைவாக விளிம்பில் பள்ளம் விழக்கூடும். அப்படியே கெட்டியாக விட்டால், பிறகு உளியே அவற்றைச் சீவித் தள்ளிவிடும். காற்றிலுள்ள ஆக்சிஜன் வினையைத் தடுப்பதால் மணியின் மேல்தோல் பிசுபிசுப்பாகவே இருக்கலாம், ஆகவே தொட்டுப் பார்ப்பதைவிட நகத்தை அழுத்திப் பார்ப்பதே சரியான சோதனை. அறை வெப்பத்தில் ஏறத்தாழ ஒரு மணி நேரத்தில் கெட்டியானாலும், லேத்தில் ஏற்றுமுன் ஓர் இரவு விட்டுவைப்பதே என் விருப்பம்.

சூப்பர் குளூ விரைவில் பிடிக்கும், ஆனால் நொறுங்கும் தன்மையுடையது. பல மூலைகள் கொண்ட துண்டில் உளி விட்டு விட்டு மோதும்போது அது பிரிந்துவிடலாம். சாதாரண எப்பாக்ஸி பசைகள் பலவும் 50 முதல் 60 டிகிரி செல்சியஸிலேயே இளகத் தொடங்குபவை. உப்புத்தாளை அழுத்திப் பிடித்தால் அந்தச் சூடு எளிதில் வந்துவிடும். அக்ரிலிக்கோ சுமார் 100 டிகிரிவரை தாங்கும். ஆனாலும் மரவளையத்தை இப்பலகையோடு இணைக்கும்போது நான் எப்பாக்ஸியையே எடுப்பேன், ஏனெனில் மரத்தினுள் பின்னிக்கொள்ள அக்ரிலிக் சங்கிலி ஏதும் இல்லை. அங்கேயும் மரப்பகுதி சிறியதாக இருக்க வேண்டும்; ஈரப்பதம் மாறும்போதெல்லாம் மரம் விரிந்து சுருங்க, பலகை அசையாமல் நிற்பதால், அகன்ற வளையம் நாளடைவில் ஒட்டைப் பிளந்துவிடும்.